ஸ்வெட்டருக்குள் வீங்கும் கை: நீலகிரியில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் நிணநீர் வீக்கச் செவிலியமும்

நீலகிரியில் ஒரு பெண்ணின் கை வீங்கத் தொடங்கியிருப்பதை முதலில் மறைப்பது அவர் அணிந்திருக்கும் ஸ்வெட்டர்தான். சமவெளியாக இருந்தால், ரவிக்கைக் கை இறுகுவதையும் வளையல் ஏறாமல் போவதையும் வீட்டில் யாராவது ஒருவர் கவனித்துவிடுவார்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஆண்டின் பெரும்பகுதி முழுக்கை ஸ்வெட்டரும் அதன்மேல் சால்வையும் இருப்பதால், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஊர் திரும்பிய ஒருவரின் கை சிறுகச் சிறுகப் பருத்து வருவது, கொழுந்து பறிக்கும்போது விரல்கள் மடங்க மறுக்கும் நாள்வரை அவருக்கே தெரியாமல் போகிறது. சுகாதார நிலையத்திற்கு அவர் வந்தாலும், இரத்த அழுத்தம் பார்ப்பதற்காக ஒரு கையின் ஸ்வெட்டர் மட்டுமே மேலே சுருட்டப்படுகிறது. அறுவை நடந்த பக்கத்துக் கையைத் தொடக் கூடாது என்ற அறிவுரையை அனைவரும் மறவாமல் பின்பற்றுவதால், சுருட்டப்படுவது நல்ல கையின் ஸ்வெட்டராகவே இருக்கிறது. பார்க்க வேண்டிய கை மூடியபடியே வீடு திரும்புகிறது.

இந்த வீக்கத்தை மருத்துவர்கள் லிம்ஃபிடிமா என்கிறார்கள். தமிழில் நிணநீர் வீக்கம். இது தொற்றுநோய் அன்று. பெரும்பாலும் புற்றுநோய் மீண்டும் தலைகாட்டியதன் அடையாளமும் அன்று. புற்றுநோயை அகற்றச் செய்த சிகிச்சையே விட்டுச்சென்ற பின்விளைவு. நிலைத்துவிட்ட பிறகு இதை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் நாள்தோறும் செய்யும் சில எளிய வேலைகளால் வீக்கத்தைக் குறைக்கவும், குறைந்ததை அப்படியே காக்கவும் முடியும். அந்த வேலைகளுக்கு வேண்டியவை சோப்பு, எண்ணெய், அளவு நாடா, கட்டுத்துணி, உடற்பயிற்சி ஆகியவைதாம். ஆகவே மருந்துச் சீட்டைவிடச் செவிலியரின் கண்ணையும் கையையுமே அதிகம் சார்ந்திருக்கும் பாதிப்பு இது. பெரிய புற்றுநோய் மருத்துவமனைகள் மலைக்குக் கீழே இருக்கும் ஒரு மாவட்டத்தில் இந்தச் சார்பு இன்னும் கூடுகிறது.

வீக்கம் ஏன் வருகிறது என்பதைத் தேயிலைத் தோட்டச் சரிவைப் பார்த்தே விளங்கிக்கொள்ளலாம். மழை நீர் மண்ணில் இறங்கித் தேங்கிவிடாதபடி சரிவின் குறுக்கே வடிகால்கள் வெட்டியிருப்பார்கள். ஓரிடத்தில் வடிகால் அடைபட்டால் அதற்கு மேலே உள்ள மண் ஊறிக் கனக்கும். நீரோடு வந்த வண்டல் அங்கேயே படிந்து, நாளடைவில் இறுகும். உடலிலும் இரத்தத்தின் நுண்குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் இடையறாது நீர் கசிகிறது. அதில் இரத்தக் குழாய்க்குத் திரும்பாமல் எஞ்சும் பகுதியையும், அதில் கரைந்துள்ள புரதத்தையும், கிருமிகளையும் சேர்த்து எடுத்துச்செல்லும் வடிகாலே நிணநீர்க் குழாய்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 லிட்டர் நிணநீர் இவ்வழியாகக் கழுத்தடியில் உள்ள சிரைகளைச் சென்று சேர்கிறது. இரத்தத்திற்கு இதயம் இருப்பதுபோல நிணநீருக்கு எனத் தனியான ஒரு விசைக்குழாய் இல்லை. குழாய்ச் சுவரின் மெல்லிய சுருக்கமும், சுற்றியுள்ள தசைகளின் அசைவும், மூச்சின் ஏற்ற இறக்கமுமே அதை நகர்த்துகின்றன. கையின் நிணநீரில் பெரும்பகுதி, அக்குளில் அதை வடிகட்டும் சிறு முடிச்சுகளான கணுக்கள் வழியாகவே போயாக வேண்டும். மார்பகப் புற்றுநோய் அறுவையில் அந்தக் கணுக்கள் எடுக்கப்படும்போதோ, அவ்விடத்தில் கதிர்வீச்சு பட்டுத் திசு தழும்பாகும்போதோ வடிகால் குறுகுகிறது. தேங்கும் நீரில் புரதம் மிகுதியாக இருப்பதால், வண்டல் இறுகுவதைப் போல நாளடைவில் நாரும் கொழுப்பும் சேர்ந்து கை கெட்டிப்படுகிறது.

அறுவை செய்துகொண்ட எல்லோருக்கும் இது வருவதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கை வீக்கம் வருவதாகக் கணித்தது. அக்குள் கணுக்களை மொத்தமாக அகற்றியவர்களில் இது நூற்றுக்கு 20 அளவிலும், நிணநீர் முதலில் சென்று சேரும் ‘காவல் கணுவை’ மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் நூற்றுக்கு 6 அளவிலும் இருந்தது. நோயைத் தொடக்கத்திலேயே கண்டால் சிறிய அறுவையோடு முடியும் வாய்ப்பு உண்டு என்பதால், தாமதமாக மருத்துவமனை சேர்பவர்களே இவ்வீக்கத்திற்கும் அதிகம் ஆளாகிறார்கள். உடற்பருமனும், ஒருமுறை கையில் வந்துபோன தோல் தொற்றும் அபாயத்தைக் கூட்டுகின்றன. பெரும்பாலும் சிகிச்சைக்குப் பிந்தைய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வீக்கம் தோன்றும். பத்து ஆண்டுகள் கழித்துத் தோன்றுவதும் உண்டு. கருப்பைவாய், கருப்பைப் புற்றுநோய்களுக்கு இடுப்புக் கணுக்கள் அகற்றப்பட்டவர்களுக்குக் கால் வீங்கும். வெற்றிலை, புகையிலை மெல்லும் பழக்கத்தோடு தொடர்புடைய வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தாடையும் கழுத்தும் வீங்கும். தொண்டைக்குள்ளும் வீக்கம் பரவி விழுங்குவது கடினமாகும் என்பதால் அதற்குத் தனிப் பயிற்சி பெற்றவர்களின் உதவி தேவைப்படுகிறது.

நிணநீரியலுக்கான பன்னாட்டுச் சங்கம் இந்த வீக்கத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. சுழிய நிலையில் வெளியே எதுவும் தெரியாது. கை கனப்பதாகவும், மோதிரமோ ஸ்வெட்டரின் மணிக்கட்டுப் பட்டியோ இறுகுவதாகவும் அவரே சொன்னால்தான் உண்டு. முதல் நிலையில் அழுத்தினால் குழி விழும். கையை உயர்த்தி வைத்தால் இரவோடு இரவாக வீக்கம் வடிந்துவிடும். இரண்டாம் நிலையில் உயர்த்தி வைப்பதால் பயன் இல்லை, திசு கெட்டிப்படத் தொடங்கிவிடும். மூன்றாம் நிலையில் தோல் தடித்து, மடிப்பு விழுந்து, மருக்கள் போன்ற முடிச்சுகள் தோன்றும். முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் இடையே உள்ள எல்லையைக் கடக்கும் முன்பே கண்டுபிடிப்பதில்தான் செவிலியரின் வேலை பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. காலையில் வடிந்து மாலையில் வரும் வீக்கத்தை ‘வேலை செய்த அலுப்பு’ என்று எண்ணி விட்டுவிடுபவர்களே அதிகம். மலையில் அதனோடு ‘குளிருக்கு விறைத்திருக்கிறது’ என்ற இன்னொரு விளக்கமும் கைவசம் இருக்கிறது.

எனவே முதல் கருவி அளவு நாடா. அதைப் பயன்படுத்த வேண்டிய முதல் நாள் அறுவைக்கு முந்தைய நாள். வலக்கை பழக்கமுள்ளவர்களுக்கு வலக்கை இயல்பாகவே சற்றுப் பருத்திருக்கும் என்பதால், இரு கைகளின் தொடக்க அளவும் எழுதி வைக்கப்படாவிட்டால் பின்னர் காணும் வேறுபாட்டிற்குப் பொருள் சொல்வது கடினம். மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே 10 செ.மீ., முழங்கைக்கு மேலே 10 செ.மீ. என நிலையான சில இடங்களைத் தெரிவுசெய்து, தோலை அழுத்தாமலும் தொய்யவிடாமலும் நாடாவைச் சுற்றி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், இயன்றால் நாளின் அதே வேளையில், இரு கைகளையும் அளக்க வேண்டும். ஓரிடத்தில் 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் வேறுபாடு புதிதாகத் தோன்றினால் வீக்கம் எனக் கொள்வது பரவலான வழக்கம். அதை எட்டும் முன்னரே கனமும் இறுக்கமும் தெரிவதாக ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை நாடாவைவிட முக்கியமாகக் கருத வேண்டும். விரலடியில் தோலைக் கிள்ளி மடிக்க முடிகிறதா என்று பார்ப்பது இன்னொரு எளிய சோதனை. மடிக்க முடியாவிட்டால் நிணநீர் வீக்கம் ஏறத்தாழ உறுதி. மடிக்க முடிகிறது என்பதற்காக இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. இவை அனைத்திற்கும் முன்பாக, “அக்கா, ரெண்டு கையையும் ஸ்வெட்டரிலிருந்து எடுத்துடுங்க” என்று கேட்டு, கதவைச் சாத்தி, குளிர் படாதபடி போர்த்திக்கொள்ள ஒரு துணியும் கொடுக்கும் வழக்கம் வேண்டும்.

வீக்கம் நிலைபெற்றுவிட்டால் உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ள சிகிச்சை நான்கு பகுதிகள் சேர்ந்த ஒன்று: தோல் பராமரிப்பு, நிணநீரை வழிநடத்தும் மென்தடவல், பல அடுக்கு அழுத்தக் கட்டு, கட்டோடு செய்யும் உடற்பயிற்சி. அதை இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். முதல் கட்டத்தில் இரண்டு முதல் நான்கு வாரம் நாள்தோறும் பயிற்சி பெற்ற ஒருவரே தடவிவிட்டுக் கட்டுப் போடுவார். அளவு குறைந்து நிலைத்ததும், இரண்டாம் கட்டமாக, கையை இறுகத் தழுவும் நீள உறையான அழுத்தக் கையுறையை அணிந்து நோயாளியே வாழ்நாள் முழுதும் பேணிக்கொள்வார். காகிதத்தில் இது ஒழுங்காகத்தான் இருக்கிறது. உதகையிலிருந்து கோவை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். கூடலூர் உதகைக்கும் அப்பால் 50 கிலோமீட்டர். கூலி வேலைக்குப் பேர் கொடுத்தால்தான் அன்றைய சம்பளம் என்றிருக்கும் ஒரு பெண் மூன்று வாரம் நாள்தோறும் மலையிறங்கி ஏறுவது நடக்கக்கூடியதன்று. கூடலூர், பந்தலூர் பக்கத்து மக்களில் பலர் கோவைக்குப் பதிலாக வயநாட்டிற்கும் கோழிக்கோட்டிற்கும் மைசூருக்கும் செல்வதால், சிகிச்சை நடந்த மருத்துவமனைக்கும் ஊர்ச் செவிலியருக்கும் இடையே மாநில எல்லையும் வந்துவிடுகிறது. இத்தகைய இடங்களுக்கு ஏற்ற வழி, பயிற்சி பெற்றவரிடம் சில நாட்கள் தங்கிக் கட்டுப் போடக் கற்றுக்கொள்வதும், உடன் வந்த மகளோ கணவரோ அதைக் கற்றுக்கொள்வதும், பின் வீட்டில் தொடர்வதை உள்ளூர்ச் செவிலியர் மேற்பார்வையிடுவதுமே ஆகும்.

கட்டுப் போடுவது என்றதும் மருந்துக் கடையில் கிடைக்கும் கிரேப் பாண்டேஜை வாங்கி இறுக்கிச் சுற்றிக்கொள்பவர்களைப் பார்க்கிறோம். அது நன்மையைவிடத் தீமையே செய்யக்கூடும். நிறைய நீளும் துணி, கை அசையாமல் ஓய்வில் இருக்கும்போதும் தொடர்ந்து நெருக்குகிறது. தசை அசையும்போது அதுவும் கூடவே விரிந்துகொடுத்துவிடுகிறது. நிணநீர் வீக்கத்திற்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது: குறைவாக நீளும் துணி. ஓய்வில் அது மெல்லவே தழுவி நிற்கும். தசை சுருங்கிப் புடைக்கும்போது விட்டுக்கொடுக்காத சுவர்போல நின்று, நிணநீரை மேல்நோக்கித் தள்ளும். இதனால்தான் கட்டோடு சும்மா உட்கார்ந்திருப்பதில் பாதிப் பயன்கூட இல்லை. முதலில் பருத்திக் குழாய்த் துணி, பின் விரல் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய சுற்று, அதன்மேல் பஞ்சு அல்லது நுரை மெத்தை, கடைசியில் குறுநீட்சித் துணி என்று அடுக்குகள் அமையும். அழுத்தம் விரல்களில் அதிகமாகவும் தோளை நோக்கிப் போகப் போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். கட்டிய பிறகு விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, குத்தினாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கட்டுப்படாத இதயச் செயலிழப்பு, தமனி அடைப்பு, புதிதாக உண்டான சிரை இரத்தக்கட்டி, தோல் தொற்று உள்ளவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் கட்டுப் போடக் கூடாது.

இங்கே மலைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது: துணி காய்வதில்லை. தென்மேற்குப் பருவமழையில் கூடலூரிலும் குந்தாவிலும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூரிலும் கோத்தகிரியிலும் துவைத்த துணி இரண்டு மூன்று நாள் ஈரமாகவே தொங்கும். ஈரக் கட்டைச் சுற்றிக்கொண்டால் விரலிடுக்கில் பூஞ்சை வரும், பூஞ்சை வெடித்த இடம் கிருமிக்கு வாசலாகும். அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் உலர்த்தினால் வெப்பத்தில் துணியின் மீள்திறன் கெடுகிறது, புகையும் ஏறுகிறது. சமவெளி மருத்துவமனை கொடுக்கும் துண்டுத் தாளில் ‘நாள்தோறும் துவைத்து நிழலில் உலர்த்தவும்’ என்று ஒரு வரி இருக்கும். நீலகிரியில் அந்த வரி நடைமுறைக்கு வர மூன்று செட் கட்டுத்துணியாவது வேண்டும். துவைத்ததைக் காய்ந்த துண்டில் சுருட்டி, முறுக்காமல் மிதித்து ஈரத்தை எடுத்துவிட்டு, காற்று வரும் இடத்தில் தட்டையாக விரித்து வைக்க வேண்டும். அழுத்தக் கையுறைக்கும் இதே நிலைதான். பெரும்பாலும் 20 முதல் 30, அல்லது 30 முதல் 40 மி.மீ. பாதரச அழுத்தத்தில் தரப்படும் இவற்றின் இறுக்கம் ஏறத்தாழ ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். ஒன்றை அணிய, ஒன்றைத் துவைக்க என ஆண்டுக்கு நான்கு தேவைப்படுகின்றன. பச்சைத் தேயிலை விலை ஏறி இறங்கும் ஒரு சிறு விவசாயி வீட்டில் இது சிறிய செலவன்று. தளர்ந்துபோன உறையை இரண்டு ஆண்டு போட்டுக்கொண்டு ‘உறை போட்டும் குறையவில்லை’ என்று வருபவரைக் குறைகூறுவதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும். அளவு எடுக்காமல், கடையில் இருப்பதை வாங்கி அணிவதும் கூடாது. மணிக்கட்டில் மட்டும் இறுகும் உறை, புறங்கையை வீங்கச் செய்துவிடும்.

மென்தடவல் என்ற முறையை 1930களில் வகுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர். அதில் விரல்கள் தோலை மட்டுமே மெதுவாக இழுத்துவிடுகின்றன, தசையைப் பிசைவதில்லை. முதலில் கழுத்திலும் நல்ல பக்கத்து அக்குளிலும் தொடங்கி நீர் போவதற்கான வழியைத் திறந்துவிட்டு, அதன் பிறகே வீங்கிய பகுதிக்கு வருவார்கள். நீலகிரியில் வலி, வீக்கம், சளி எதுவாயினும் முதலில் கைபோவது நீலகிரித் தைலப் புட்டிக்குத்தான். இந்த மலையின் பெயரையே தாங்கிய தைலத்தை வேண்டாம் என்று சொல்வது எளிதன்று. ஆயினும் நிணநீர் தேங்கிய கையில் அதைச் சூடு பறக்கத் தேய்ப்பதால் தோல் எரிந்து புண்ணாகலாம். அழுத்திப் பிசையும்போது அங்கே இரத்த ஓட்டம் கூடி, கசிவும் கூடும். தைலத்தை மார்புச் சளிக்கு வைத்துக்கொண்டு, கைக்கு வாசனையற்ற களிம்போ சுத்தமான தேங்காய் எண்ணெயோ தடவச் சொல்வதே பெரும்பாலும் ஏற்கப்படும் சமரசம். தேங்காய் எண்ணெய் உதகையில் உறைந்து கட்டியாகக் கிடக்கும். அதை உருக்கி, ஆறவிட்டு, இரவில் கட்டு அவிழ்த்த பிறகு தடவ வேண்டும். காலையில் எண்ணெய்க் கையோடு உறையை இழுத்து மாட்டினால் உறைதான் கெடும்.

தோலைக் காப்பது இந்த நான்கில் மிகச் சாதாரணமாகத் தோன்றினாலும், மலையில் அதுவே முதலிடம் பெற வேண்டும் என்பது என் கருத்து. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காற்றில் புறங்கை வெடிக்கிறது. கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் குச்சி கீறுகிறது; கேரட் அறுவடையில் மண்ணும் குளிர்நீரும் விரலிடுக்கை ஊறவைக்கின்றன. ஒவ்வொரு கீறலையும் அன்றே சோப்பு நீரில் கழுவி, துடைத்து, கிருமிநாசினி போட்டு மூட வேண்டும். கொழுந்து பறிப்பவர்கள் விரல் வெட்டுப்படாமலிருக்கத் துணி சுற்றிக்கொள்வது நல்லதுதான். வீங்கிய விரலில் அதுவே மோதிரம்போல இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கால் வீங்கியவர்களுக்குப் பந்தலூர்ப் பக்கத்து மழைக்கால அட்டை ஒரு தனித் தொல்லை. கடித்த அட்டையைப் பிய்த்து எறியாமல் நகத்தால் வாய்ப்பகுதியை மெல்ல நெம்பி எடுத்து, இடத்தைக் கழுவி, சொறியாமல் இருக்க வேண்டும். கணப்பும் வெந்நீரும் இன்னோர் அபாயம். அக்குள் அறுவையில் மேற்கையின் உட்புறத்து உணர்வு நரம்பு பாதிக்கப்படுவதும், சில புற்றுநோய் மருந்துகளால் விரல் நுனிகள் மரத்துப்போவதும் சாதாரணம். அப்படிப்பட்டவர் குளிருக்கு நெருப்பின் அருகே அமர்ந்தால் தோல் பொசுங்குவதே தெரியாது. வெந்நீரின் சூட்டை எப்போதும் நல்ல பக்கத்து முழங்கையால் பார்த்த பிறகே வீங்கிய கையை நனைக்க வேண்டும். ஒத்தடமும் வேண்டாம்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் செல்லுலைட்டிஸ் எனப்படும் தோலடித் தொற்று. தேங்கிய, புரதம் மிகுந்த நீரில் கிருமிகள் விரைவாகப் பெருகுகின்றன. ஒவ்வொரு தொற்றும் எஞ்சிய நிணநீர்க் குழாய்களில் சிலவற்றைக் கெடுத்துவிட்டுப் போவதால் அடுத்த தொற்றுக்கு வழி இன்னும் எளிதாகிறது. கை திடீரெனச் சிவந்து, சூடாகி, வலித்து, உடல் நடுங்கிக் காய்ச்சல் வரும். சில வேளைகளில் சிவப்பு தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே நடுக்கம் வந்துவிடும். மலைக்குளிரில் நடுங்குவதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? கம்பளியைப் போர்த்திப் படுத்து, மறுநாள் கட்டை அவிழ்க்கும்போதுதான் கை செக்கச் சிவந்திருப்பது தெரிகிறது. ஆகவே, கணு எடுக்கப்பட்ட ஒருவருக்கு நடுக்கம் வந்தால் முதலில் அந்தக் கையை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பதை வீட்டார் அனைவருக்கும் சொல்லி வைக்க வேண்டும். சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடிட்டுக் குறித்தால், அது பரவுகிறதா அடங்குகிறதா என்பது அடுத்து வரும் செவிலியருக்கும் மருத்துவருக்கும் தெளிவாகும். தடவலையும் கட்டையும் நிறுத்தி, அன்றே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்க வேண்டும். தொற்று மீண்டும் மீண்டும் வருபவர்களுக்கு மருத்துவர்கள் குறைந்த அளவு பென்சிலினை நீண்டகாலம் தருவதுண்டு. மருத்துவமனைக்குத் தொலைவில் வாழ்பவரிடம் முதல் சில நாள் மருந்தை முன்கூட்டியே கொடுத்து வைப்பதைச் சில நாடுகளின் வழிகாட்டுதல்கள் ஏற்கின்றன. மாலையில் பேருந்து நின்றுவிடும் ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களுக்கும், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் மருத்துவரோடு பேசி இதைப் பரிசீலிக்கலாம்.

வேலையைப் பற்றிச் சொல்லும் அறிவுரைதான் இந்தப் பெண்களின் வாழ்க்கையை அதிகம் தொடுகிறது. அதுவே பழைய நம்பிக்கைகளில் அதிகம் சிக்கிக் கிடக்கிறது. ‘அந்தக் கையால் கனமே தூக்காதே’ என்ற வாக்கியம் நெடுங்காலம் எல்லாப் பிரிவுகளிலும் சொல்லப்பட்டது. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கை வீக்கம் உள்ள 141 பெண்களில் ஒரு பகுதியினர் மேற்பார்வையில், மிகக் குறைந்த பளுவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டிப் பளுப் பயிற்சி செய்தார்கள். ஓராண்டின் முடிவில் பயிற்சி செய்யாதவர்களைவிட அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரெனத் தீவிரமடைவதும் குறைந்திருந்தது. தசையே நிணநீரின் விசைக்குழாய் என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை. பறிப்புக்குப் போகாதே என்று சொல்வது மருத்துவ அளவில் அவசியமற்றது, குடும்ப அளவில் நடவாதது. மாறாக, உறை அணிந்து பறிக்கவும், விட்ட வேலையை அரை நாளில் தொடங்கி வாரக்கணக்கில் கூட்டிக்கொள்ளவும், கொழுந்துப் பையின் பட்டையை அறுவை நடந்த தோளில் மாட்டாமலிருக்கவும், நிறைந்த பையை ஒரே மூச்சில் தூக்காமல் பாதி நிறைந்ததும் கொண்டுபோய்க் கொட்டவும், அரை மணிக்கு ஒருமுறை கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பத்து முறை விரல்களை மூடித் திறந்து, வயிறு நிறைய நாலைந்து மூச்சு இழுத்துவிடவும் சொல்லிக்கொடுக்கலாம். கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் அளவெடுப்பை வாரம் ஒருமுறையாக்கலாம். மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் செவிலியரின் வேலைதான் என்றே நான் கருதுகிறேன். நோயாளியே கேட்டால் சாக்காகத் தெரிவது, செவிலியர் சொன்னால் சிகிச்சையாகத் தெரியும்.

இரத்த அழுத்தமும் ஊசியும் பற்றிய தடையும் இதேபோல மறுபார்வைக்கு உள்ளாகியிருக்கிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 600க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து அளந்து பார்த்தபோது, அந்தக் கையில் இரத்தம் எடுத்ததும் ஊசி போட்டதும் அழுத்தம் பார்த்ததும் வீக்கத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. உடற்பருமன், கணு அகற்றம், செல்லுலைட்டிஸ் ஆகியவற்றின் பங்கே தெளிவாகத் தெரிந்தது. நல்ல கை இருக்கும்போது அதைப் பயன்படுத்துவதில் இழப்பொன்றும் இல்லை. ஆனால் அவசரத்தில் சிரை கிடைக்காமல் தவிக்கும்போது தடையைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தாமதப்படுத்துவது சரியன்று.

வீக்கம் என்றாலே நீர் பிரிய மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது இன்னொரு வழக்கம். அந்த மாத்திரை இரத்தத்திலுள்ள நீரைச் சிறுநீராக வெளியேற்றும். தேங்கிய புரதத்தை அதனால் அசைக்க முடியாது. பருத்த காலைப் பார்த்து ‘யானைக்கால்’ என்று அக்கம்பக்கத்தார் ஒதுங்குவதும் நடக்கிறது. யானைக்கால் கொசு வழியே பரவும் புழுவால் வருவது. இது அறுவையாலும் கதிர்வீச்சாலும் வருவது. இரண்டிலும் அடைபடும் வடிகால் ஒன்றே என்பதால் கழுவுதல், உயர்த்தி வைத்தல், அசைத்தல் என்னும் பராமரிப்பு முறைகள் ஒத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

எல்லா வீக்கமும் நிணநீர் வீக்கம் அன்று என்பதையும் செவிலியர் மறக்கலாகாது. சில நாட்களிலேயே வேகமாகப் பருத்து வலிக்கும் கையில் சிரை இரத்தக்கட்டி இருக்கலாம். நன்றாகக் கட்டுப்பட்டிருந்த வீக்கம் காரணமின்றிக் கூடி, தோளில் இரவெல்லாம் வலியும் கையில் பலவீனமும் தோன்றினால் அக்குளில் நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல ஆண்டு வீக்கமுள்ள கையில் கன்றியதுபோல் கருஞ்சிவப்புப் புள்ளிகள் ஆறாமல் நின்றால், அது மிக அரிதாக வரும் இரத்தக்குழாய்ப் புற்றாக இருக்கக்கூடும். இவை மூன்றும் கட்டுப் போட்டுப் பார்க்கும் விஷயங்கள் அல்ல. உடனே மலையிறங்க வேண்டியவை.

இறங்கும் பயணத்தையும் சற்று யோசித்துச் செய்யலாம். மேட்டுப்பாளையம் வரையிலான வளைவுகளில் பேருந்துக் கம்பியை வீங்கிய கையால் இறுகப் பற்றிக்கொண்டு போவதைவிட, அந்தக் கை சன்னல் பக்கம் வருமாறு அமர்ந்து, மடியில் வைத்த பையின்மேல் உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். கால் வீங்கியவர்கள் உறையை அணிந்தே ஏறி, அமர்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருக்கலாம்.

இத்தனையையும் யார் செய்வது என்ற கேள்விக்கு விடை ஓரளவு ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே சென்று நோய்த்தணிப்புப் பராமரிப்பு தரும் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொரு ஊரிலும் அறிமுகமானவர். உதகையில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. கூடலூரில் 1990 முதல் இயங்கும் ஆதிவாசி மருத்துவமனை, பழங்குடிப் பெண்களையே செவிலியர்களாகப் பயிற்றுவித்து, மொழியும் வழக்கமும் அறிந்தவர் செய்யும் பராமரிப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காட்டியிருக்கிறது. இல்லாதது, இவர்களை இணைக்கும் ஒரு தாள். அறுவை செய்த மருத்துவமனை கொடுக்கும் விடுவிப்புச் சுருக்கத்தில் கட்டியின் அளவு, மருந்துகளின் பெயர், அடுத்து வர வேண்டிய தேதி எல்லாம் இருக்கும். எத்தனை கணுக்கள் எடுக்கப்பட்டன, அக்குளில் கதிர்வீச்சு பட்டதா, அறுவைக்கு முன் இரு கைகளின் சுற்றளவு என்ன என்ற மூன்றும் ஊர்ச் செவிலியருக்குப் புரியும்படி ஓரிடத்தில் இருப்பது அரிது. அந்த மூன்றையும் தமிழில் ஒரு சிறு அட்டையில் எழுதி, கீழே மாதவாரியாக அளவு குறிக்கக் கட்டங்கள் போட்டு, ஒரு படியை நோயாளியிடமும் இன்னொன்றைத் துணை சுகாதார நிலையத்திலும் வைக்கலாம். முதல் ஆண்டில் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும், பின்னர் ஆறு மாதத்திற்கு ஒருமுறையும், நாடா வைக்கும் இடங்களைப் படமாக வரைந்த அந்த அட்டையைப் பார்த்தே யார் வந்தாலும் அளக்க முடியும். இடையில் செவிலியர் மாற்றலாகிப் போனாலும் முந்தைய எண் அங்கேயே இருக்கும்.